ஆறு மீட்டருக்கு ஏழு

அளந்து பார்த்தால் அவ்வளவுதான்.
இந்தப் பக்கம் ராஸ்பெர்ரிப் புதர்,
அந்தப் பக்கம் ஸெனோனாஸின் படுக்கையறை ஜன்னல்.
நடுவில் கம்பம் ஆகஸ்டிலேயே நட்டாயிற்று.
வளையம் உண்டு, வலையும் உண்டு.
தரைதான் இல்லை.

சமையல் மேசையில் மாதிரிகள்:
ஒரு விள்ளல் தார்,
கோத்துப் பொருத்தும் பிளாஸ்டிக் ஓடு
நீலத்தில் ஒன்று, சாம்பலில் ஒன்று,
பழைய டயரை அரைத்து ஒட்டிய ரப்பர்.
இரவில் அவற்றை ஒதுக்கிவிட்டு
பீட்ரூட் சூப்புக்கு இடம் செய்கிறோம்.
ரொட்டியில் ரப்பர் வாசனை ஏறிவிட்டது.

யோவிலே கண்ணை மூடிக்கொண்டு
தோளுயரத்திலிருந்து பந்தை விடுவாள்.
ரப்பரில்: "தூங்குதும்மா."
ஓட்டில்: "கலகலங்குது, அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி."
கராஜ் வாசலின் சிமென்ட்டில் விட்டபோது
ஒன்றும் சொல்லவில்லை.
பந்து வந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

வைதோதாஸ் ஸ்டாவாங்கரிலிருந்து பேசுகிறான்.
நார்வேக்காரர்களின் வாசல்களுக்கு
கான்கிரீட் ஊற்றுவதுதான் நான்கு வருஷமாய் அவன் வேலை.
"முதலில் அரை மீட்டர் தோண்டு.
உதேனாக் களிமண் பனியில் உப்பும்,
சரளை போடாவிட்டால் இரண்டே குளிர்காலத்தில் பிளந்துவிடும்.
மேலே பன்னிரண்டு சென்டிமீட்டர், உள்ளே கம்பி வலை,
தண்ணீர் வடிய மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு."
குரலில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு குதூகலம்.
நீ வந்து ஊற்றுவாயா என்றேன்.
லைன் சரியில்லை என்றான்.
நன்றாகத்தான் கேட்டது.
அங்கே மழை பெய்வதுகூடக் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து அவனே
ஓடு போடலாம் என்றான்.
"கழற்றலாம். பெட்டியில் அடுக்கலாம்.
இங்கே வந்துவிட்டால் இங்கேயும் விரிக்கலாம்."
இங்கே என்ற சொல்
அப்படித்தான் எங்கள் சமையலறைக்குள் வந்தது,
யாரும் நாற்காலி போடாமலே உட்கார்ந்துகொண்டது.

ஓடு.
கட்டளை போலவும் காதில் விழுகிறது.
கான்கிரீட் என்றால்
முப்பது வருஷம் இந்த மண்ணில்தான் என்று
கையெழுத்துப் போட்ட மாதிரி.
மதில் இல்லாத வீட்டில்
மதில்மேல் பூனையாய் நான்.

ஸெனோனாஸுக்குப் பால் தொழிற்சாலையில் இரவு வேலை.
பகல் இரண்டு வரை தூக்கம்.
வேலியில் முழங்கை ஊன்றிச் சொன்னார்:
"எதை வேண்டுமானாலும் போடு, சத்தம் சத்தம்தான்.
ஒரே சீராய் விழுந்தால் தூங்கிவிடுவேன்.
விழுந்து விழுந்து நடுவில் நின்றால்தான்
எனக்கு விழிப்பு வரும்."

டிசம்பர் ஒன்பது. மைனஸ் பதினாலு.
காலையில் டொம் என்று ஒரு சத்தம்.
எட்டிப் பார்த்தால் யோவிலே, கையுறையோடு,
தோண்டாத, சரளை கொட்டாத,
யாரும் விலை சொல்லாத களிமண்ணின் மேல்
பந்தடித்துக்கொண்டிருக்கிறாள்.
இரவோடு இரவாய் மண் கல்லாகிவிட்டிருந்தது.
குளிரில் பந்துதான் சோர்ந்துபோகிறது.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து
ஹீட்டர்மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டு போகிறாள்.
இரண்டு மேடு, ஒரு குழி, உருளைக்கிழங்கு தோண்டிய தழும்பு:
எங்கே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று
அரை மணியில் மனப்பாடம்.
ஸெனோனாஸின் திரைச்சீலை அசையவில்லை.

வைதோதாஸுக்கு வீடியோ அனுப்பினேன்.
"தரை என்ன?" என்று வந்தது.
மண் என்று எழுதினேன்.
அவன் எழுதிக்கொண்டிருப்பதாய்க் காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.

மார்ச்சில் இளகும்.
கணுக்கால்வரை சேறாகும்.
அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
இப்போதைக்கு மாதிரிகளை அட்டைப்பெட்டியில் போட்டு
மேசைக்கடியில் தள்ளினேன்.

வெளியே பந்து நின்றது.
பக்கத்து ஜன்னலில்
விளக்கு எரிந்தது.