கடல் இல்லாத நாடு

அடையாறு தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில்
ஐ.நா. சபை விளையாட்டு.
தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளிக்கு
யாரும் கேட்காத நாட்டை ஒதுக்கியிருந்தார்கள்:
சாட்.

"சவுகார்பேட்டைல பிளேட்டு நாப்பது ரூபா" என்றாள் சோனம்.
சிரித்து ஓய்ந்தபிறகுதான் அட்லஸைத் தேடினோம்.
கடலே இல்லை அதற்கு.
எண்ணூர்க்குப்பத்து ஜெசிந்தாவுக்கு மனசே ஆறவில்லை.
"அப்ப மீனு?"
ஏரி உண்டு. முன்பு பெரிசாம்.
இப்போது படத்தில்
பேனா கசிந்த அளவு நீலம்.

அங்கே ஒரு விதி: 'நான்' என்று பேசக்கூடாது.
'சாட் நாட்டுப் பிரதிநிதி கருதுகிறார்' என்று
ஒரு வாரம் பழகினோம்.
தண்ணி லாரி வரிசையில்,
"சாட் நாட்டுப் பிரதிநிதி மூணாவது குடம்க்கா."
பெனாசிர் அவள் அத்தாவிடம்,
"பிரதிநிதிக்கு பஸ்ஸுக்குக் காசு வேணும்."

அரங்கில் குளிர்.
நார்வே டை கட்டியிருந்தது.
வளரும் நாடுகள் பொறுமை காக்க வேண்டும் என்றது.
ஜெசிந்தா எழுந்தாள்.
மனப்பாடம் செய்த நாலு வரி இங்கிலீஷ்.
ஐந்தாவது தமிழில் வந்துவிட்டது:
"எங்க ஆத்துல சாம்பல் கரைக்கிறாங்க சார்.
எங்கப்பா வலையில சேறுதான் ஏறுது.
நான் எவ்ளோ பொறுக்கணும்?"

சுத்தியல் தட்டினார்கள்.
சாட்டில் அனல்மின் நிலையம் உண்டா என்று
பிரான்ஸ் சந்தேகம் கேட்டது.

சாப்பாட்டு வேளையில் நார்வே பக்கத்தில் வந்து நின்றான்.
எந்த ஊர் என்றான். சொன்னோம்.
"ஓ, படத்துலலாம் பார்த்திருக்கேன்."
கோபம்தான் வந்தது எனக்கு.
ஆனால் நாங்களும் சாட்டை
அப்படித்தானே பார்த்திருந்தோம்.

'உலகக் குடிமகள்' என்று சான்றிதழ்.
சொந்த ஊர் என்ற இடத்தில்
சோனம் எழுதிக்கொடுத்தது கொருக்குப்பேட்டை.
அச்சில் பீகார்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிறந்தவள்
அதை நாலாக மடித்து
ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தாள்.

திரும்பும்போது கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கன்டெய்னர் ரயில்.
சோனம் இந்தியில் எண்ணினாள், பெனாசிர் உருதுவில்;
இரண்டும் ஒன்றாகவே கேட்டது.
ஜெசிந்தா எண்ணவில்லை.
நாற்பத்திரண்டோடு குழம்பிவிட்டது.

கேட் திறந்ததும் ஒரே ஹாரன்.
சோனம் பையிலிருந்து நாட்டுப் பலகையை உருவி
ஷேர் ஆட்டோவுக்கு நேராக நீட்டினாள்.
நின்றது.

"சாட்டா? அது எங்கம்மா கீது?"

"ஏறிட்டுச் சொல்றோம்ணா."