நூறு ரூபாய்க்கு எத்தனை நிமிடம்

கொட்டாஞ்சேனையில், பஸ் திரும்புகிற முடுக்கில் என் கடை.
ஃபோன் கவர், ரீலோட், போட்டோக்கொப்பி.
பெயர்ப்பலகையில் எழுதாத நாலாவது வியாபாரம்:
பென் டிரைவ் கொண்டு வந்தால்
படம் ஒன்று நூறு ரூபாய்.
பாட்டென்றால் ஐம்பதுக்கு அள்ளிப் போகலாம்,
எண்ணுவதில்லை.

கள்ளன் என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள்.

காலிமுகத்தின் பக்கம், கடலைப் பார்த்த பெரிய கட்டடத்துக்கு
போன தை மாதம் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன்.
நாலு டிக்கெட், ஒரு வாளி சோளப்பொரி.
பொரி, டிக்கெட்டைவிட விலை.
சின்னவன் வாளியைத் தட்டிவிட்டான்.
இருட்டில் குனிந்து மனைவி
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள்.
என்ன படம் என்று கேட்டால் ஞாபகமில்லை.
திரை வெளிச்சத்தில் நீலமாய்த் தெரிந்த
அவள் முதுகு ஞாபகம்.

மாதச் சந்தா கட்டலாமே என்பான் மச்சான் ரெஜினோல்ட்.
அது டொலரில்.
ரூபாய் விழுந்த வருஷம்
காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது
ஃபோனுக்கு வந்தது தகவல்:
உங்கள் அட்டை ஏற்கப்படவில்லை.
பாட்டு பாதியில் நின்றது.
மிச்சப் பாதியை
முன்னால் நின்ற ஆள் முணுமுணுத்தார், சுருதி பிசகி,
இலவசமாக.

இவ்வளவுதான் என் நியாயம்.
இதை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் நிம்மதியாய் நித்திரை கொண்டேன்.

மழை பிடித்த ஒரு பின்னேரம் யூஜினி வந்தார்.
குடையை மடக்கி, ஒரு பழைய படத்தின் பெயரைச் சொன்னார்.
"மெட்ராசில ஆறு வருஷம் இருந்தனான்.
அதில ஆஸ்பத்திரிக் காட்சியில வாற வயலின்
நான்."

கொப்பியாகிக்கொண்டிருந்தது. நாற்பது வீதம்.
"அண்டைக்குத் தந்த காசு
ஓட்டோவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சரி.
பிறகு எத்தினை தரம் வித்தாங்களோ,
ஒரு சதம் வரேல்ல."
குரலில் கோபம் இல்லை. மழைக்கணக்குச் சொல்வதுபோல்.
"எவ்வளவு?"
"நூறு."
"என்ர நாலு நிமிசத்தைக் கழிச்சுப்போட்டுச் சொல்லும்."

பகிடிதான். ஆனால் கை கல்குலேட்டருக்குப் போய்விட்டது.
படம் நூற்றறுபது நிமிடம்.
நாலு நிமிடம்:
இரண்டு ரூபாய் ஐம்பது சதம்.

"அம்பது சதம் இப்ப ஆரிட்ட இருக்கு?" என்று சிரித்தார்.
காசு வேண்டாம், கொண்டு போங்கோ என்றேன்.
"சும்மா தந்தா
பிறகு அது சும்மா எண்டாகீடும்."
நூறு ரூபாய்த் தாளைக் கண்ணாடியில் வைத்தார்.
மூன்று ரூபாய் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து வாங்கி
பேர்சின் உள்ளறையில், தனியாக, போட்டார்.

அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்.
என் ஸ்பீக்கரில் ஒரு பக்கம் வேலைசெய்யாது.
கட்டில், சேலைன் போத்தல், அழுகிற கதாநாயகன்.
"இப்ப... இந்தா, இப்ப" என்று விரலை உயர்த்தினார்.
மட்டக்குளி பஸ் ஹோர்ன் அடித்தபடி திரும்பியது.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
தலையை ஆட்டினேன்.

அவர் போனபின் ஒரு பெடியன் பென் டிரைவை நீட்டினான்.
"அண்ணா, எவ்வளவு?"
வாய் திறந்தேன், சொல் வரவில்லை.
பஸ் ஒன்று போகும் நேரம்.
பிறகு வந்தது:
நூறு.