இல்லாத முள்

பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான்
பஸ்காரருக்குப் புரியும்.
சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா.
இரண்டையும் எழுதச் சொல்லித்தான்
பார்சலை வரவழைத்தேன்.

பஞ்சுக்குள் ஒரு மண்டையோடு,
என் கட்டைவிரல் நீளம்.
சாணுக்குக் குறைந்த வால்.
ஸ்பிரிட்டில் ஊறிய ஒரு முன்னங்கை.
கூடவே துண்டுச்சீட்டு:
மேற்கு ஆப்பிரிக்கா, தீவு, கண்ணியில் விழுந்தது.
உயிரோடு பார்த்த ஆய்வாளர் எவருமில்லை.

செம்பனைக் காட்டில் பதினோரு வருஷம்
ஆந்தை கக்கிய உருண்டைகளை
வெந்நீரில் ஊறப்போட்டு
எலித் தாடை எண்ணியவள் நான்.
மூன்றாம் பிரிவு, மார்ச் மாதம், இருநூற்றுப் பதினாறு.
கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சொல்வேன்
எது வயல் எலி, எது வீட்டெலி என்று.

இது பிடிபடவில்லை.
கண்ணுக்கு முன்னால் அகலமாக ஒரு துளை,
தாடைத் தசை மூக்குவரை புகுந்து போகும் வழி.
எலி இல்லை.
அணிலும் இல்லை.
வாலடியில் ஓடு வேய்ந்ததுபோல் செதில்,
வழுக்காமல் மரத்தில் ஊன்றிக்கொள்ள.

செதில்வால் சாதிகள் எல்லாம் மரம்விட்டு மரம் மிதப்பவை.
முழங்கையிலிருந்து முள்ளாக நீளும் குருத்தெலும்பு
குடைக்கம்பிபோல் தோலை விரிக்கும்.
இதன் கையில் அந்த முள் இல்லை.
லென்ஸை மாற்றிப் பார்த்தேன்.
இல்லை.

பழைய ஏடுகள் இதைக்
குட்டிப் பறவைகளோடு, தப்பு,
குட்டிப் பறப்பிகளோடு சேர்த்து வைத்திருந்தன:
பல் ஒத்துப்போகிறதாம்.
ஒரு நகத்தளவு தசையைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு அனுப்பினேன்.
மூன்று வாரம் கழித்து நோர்ஹயாத்தியின் போன்:
"பல்லை நம்பாதே.
பறப்பவை எல்லாம் ஒரு கிளை.
இது அதற்கும் முன்னால் பிரிந்தது."

பழக்குலை லாரியை வாசலில் நிறுத்திவிட்டு
தண்ணீர் கேட்க வந்த குணாளன்
திரையில் தெரிந்த கிளைப்படத்தைப் பார்த்தான்.
"இது பறக்கத் தெரியாததா,
பறந்து அலுத்துப்போனதா?"

எலும்பிடம் கேட்டேன், சொல்லவில்லை.
நான்கெழுத்து வரிசையிடம் கேட்டேன்,
பிரிந்த இடத்தைச் சொன்னது,
பிரிந்தபோது கையில் என்ன இருந்தது என்று
சொல்லவில்லை.
அறிக்கையில் அந்த வரியை
மூன்று முறை அழித்தேன்.
கடைசியில் "தெரியவில்லை" என்றே விட்டேன்.

திருப்பி அனுப்பப் போன தபால் நிலையத்தில்
புதுக் கணினி.
முகப்பில் இருந்த பெண் பொருளின் வகை தேடி
எலி வரை வந்தாள், தலையசைத்தேன்.
அணில் வரை வந்தாள்.
கடைசிக் கட்டம் லாயின்-லாயின், மற்றவை.
விரல் அதன்மேல் இறங்கும்போது
தடுத்துவிட்டேன்.

"மற்றவை இல்லை.
இது தனிக் குடும்பம்.
ஒரே ஓர் உறுப்பினர்."

"அதுக்குக் கட்டம் இல்லையே, அக்கா."
பின்னால் வரிசை இருமியது.