ரெண்டாளும்

முதலில் என் இடுப்பில் வந்தது,
பாவாடை நாடா இறுகும் இடத்தில்,
ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு.
நாடாதான் உரசுகிறது என்று நினைத்துத்
தளர்த்திக் கட்டினேன்.
அதுவும் தன் வட்டத்தைத் தளர்த்திக்கொண்டது.

இடவப்பாதி மழை.
களியக்காவிளையில் எட்டு நாளாய் எதுவும் காயவில்லை.
ரப்பர் ஷீட்டும் அவர் ஜட்டியும்
ஒரே கொடியில், ஒரே புளித்த வாடையில் தொங்கின.

மருந்துக்கடை பெனடிக்ட் என் முகத்தைப் பார்க்காமல்
ஒரு சிவப்பு டியூப் தந்தான்.
ஐந்தாம் நாள் தோல் வெள்ளைத்தாள்.
பதினைந்தாம் நாள்
போனது திரும்பி வந்தது,
வளையத்துக்குள் இன்னொரு வளையத்தோடு.

அவரிடம் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.
விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்
நெற்றிவிளக்கைக் கட்டுகிற சாக்கில்
இருட்டில் நின்று தொடையைச் சொறிவார்.
எனக்குக் கேட்கும்,
தகர டின்னை யாரோ சுரண்டுவதுபோல்.
அதே நேரம் போர்வைக்குள் நானும்.
பதினோரு வருடத்தில்
இத்தனை ஒற்றுமையாய் நாங்கள் எதையும் செய்ததில்லை.

ஒரு ராத்திரி அவர் கையைத் தள்ளினேன், தலைவலி என்று.
மறு ராத்திரி அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.
அப்புறம் பாய் ரெண்டானது.

மனசு சும்மா இருக்குமா.
புனலூரில் ரெண்டு மாதம் தங்கி வெட்டினாரே,
அங்கே யார் பாயோ என்றது.
அவர் மனசு சொன்னதைப் பிறகுதான் சொன்னார்:
முந்திரி ஆலைக்கு நடந்து போகிறவள்
சூப்பர்வைசர் வண்டியில் வந்து இறங்கினாளே.
ஏறியது ஒரே நாள். அதுவும் மழை.

கடைசியில் ஒரு துண்டில் வெடித்தது.
என் துண்டை ஏன் எடுத்தாய் என்றார்.
கொடியில் இருந்ததே ஒரு துண்டுதான்.
கத்தினேன். கத்தினார்.
'இதைப் பாரு' என்று கைலியை உயர்த்தினார்.
நான் நாடாவை அவிழ்த்தேன்.
குண்டு பல்பின் கீழே
ரெண்டு பேருக்கும் வாயடைத்தது.
ஒரே அச்சில் குத்திய முத்திரைகள்.

'எப்ப இருந்து?'
'உங்களுக்கு?'
விரல் மடக்கி எண்ணினோம்.
யாரிடமிருந்து யாருக்கு என்ற கணக்கு
ஈஸ்டர் வாரத்தில் முட்டி நின்றது.
'விடு எடி ஜெசிந்தா' என்றார் ஜஸ்டஸ்.
என் பேரை அவர் சொல்லி வெகுநாள்.

பாறசாலை ஆஸ்பத்திரிக்குப் போனோம்;
இந்தப் பக்கம் தெரிந்த முகம் அதிகம்.
டோக்கன் வரிசையில் எங்களுக்கு முன்னால்
எங்கள் சபை உபதேசியாரும் மனைவியும்.
நாலு பேரும் காலண்டரைப் பார்த்தோம்.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி
'வட்டச்சொறி' என்றாள்.
எங்களுக்கு அது படர்தாமரை.
தாமரை என்று பேர் வைத்த மகராசனுக்கு
அது வந்திருக்காது.
செக்போஸ்ட்டில் நிற்காமல்
பேரை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறது.

சிவப்பு டியூபை வாங்கிப் பார்த்து
காலடிக் குப்பைவாளியில் போட்டாள்.
சீட்டைப் பேனாவால் தட்டினாள்:
'ஒராள் தேச்சா போரா. ரெண்டாளும்.
மாறியாலும் நிறுத்தருது.'

அண்டாவில் துணி கொதித்தது.
ஜஸ்டஸ் தன் ஜட்டிகளுக்கு இஸ்திரி போட்டார்,
கல்யாணச் சட்டைக்கும் போடாதவர்.
ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தாழிட்டு
அவருக்கு நான், எனக்கு அவர்.
முந்திரிச் சாறு கறுத்த என் விரல் சொரசொரக்கும்,
பல்லைக் கடித்துக்கொள்வார்.
அவர் விரல் வேறு மாதிரி:
மரம் நோகாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை,
வட்டத்துக்கு வெளியே தொடங்கி
மெல்ல உள்ளே வரும்.
அரிக்காத இடத்தையும் காட்டியிருக்கிறேன், ஒன்றிரண்டு தடவை.

துண்டு இப்போது ரெண்டு.
நீலம் யாருடையது என்பதில் இன்னும் தகராறு.

நாலாம் வாரம் தோலில் ஒன்றுமில்லை.
டியூபை மூடப் போனார்.
'இன்னும் ரெண்டு வாரம்' என்றேன்.
'எங்கடி பூச, ஒண்ணையும் காணலியே?'
'இருந்த இடத்துல.'