போகும்

இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
போகும் என்று வருகிறது.
முகவரி எழுதும்போதெல்லாம்
எது, எப்போது என்று கேட்கத் தோன்றும்.

கச்சேரி முடிந்து பதினொன்றரை.
ரயில் நிலையத்துக்கு எதிரே சொசேஜ் கடை,
நின்றபடி தின்கிற உயர மேசை,
நாங்கள் நாலு பேர்,
நடுவில் சாஸில் ஊறிய உருளைக்கிழங்கு.

மர்லீஸ்தான் தொடங்கினாள்.
"நூற்று நாற்பது யூரோ!
விடைபெறும் பயணமாம், இது மூன்றாவது விடை.
என் புருஷன்கூட ஒரே தடவையில் போய்விட்டான்."

ஃபோல்கரின் வழக்கு வேறு.
பாஸ்வெல் இல்லாத கார்பன் பிஷப்
கார்பன் பிஷப்பே அல்ல.
எண்பத்தேழில் கிட்டாரோடு தனியே போனவன்
ஐந்து ஆல்பம் போட்டான், முதல் இரண்டும் பொன்.
"மூன்றாவது?"
"மூன்றாவதில் சாக்ஸபோன் இருந்தது" என்றார்,
செத்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.
போன ஐப்பசியில் ஹேகனில் பார்த்தாராம் அவனை,
ஒரு மரச்சாமான் கடைத் திறப்புவிழாவில்.
எண்பது நாற்காலி, பாதி காலி, மழை.
விரல் மூட்டெல்லாம் வீங்கியும்
ஒரு சுரத்தைப் பிடித்தவன் அரை நிமிடம் விடவில்லையாம்.
"இன்றைக்கு மேடையில் நின்றவர்களில்
ஒருத்தனுக்கு முடியுமா?
பேஸ் வாசித்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான்,
அவன் மகன் வாசிக்கிறான்.
நாளைக்குப் பேரன் வருவான், பெயர் மட்டும் அதே."
"அரங்கம் நிறைந்திருந்ததே" என்றாள் மர்லீஸ்,
சற்றுமுன் பணத்துக்கு அழுதவள்.

டெட்லெஃப் அதுவரை வாய் திறக்கவில்லை.
முப்பது வருடம் கார்த் தொழிற்சாலையில்
தகடு அழுத்திய கைகளால்
ஒரு துண்டைக் குச்சியில் குத்தி எடுத்தார்.
"கிரெல் அந்த உச்சியைத் தொட்டான்,
கடைசிக்கு முந்தின பாட்டில், அன்று போலவே.
பார், இன்னும் மயிர் நிற்கிறது."
சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.
நின்றது.

இருவரும் பாய்ந்தார்கள்.
தொட்டானாவது!
ஒரு படி இறக்கி வைத்துக்கொண்டும் எட்டாமல்
மைக்கை நம் பக்கம் நீட்டிவிட்டான்.
பாடியது நாம்.
"நீ சொல்லு" என்று என்னைப் பார்த்தார்கள்,
"காதுதானே உன் பிழைப்பு."

காதுதான்.
கோர்டும் தெருவில் செவிக்கருவிக் கடை.
டெட்லெஃபின் வரைபடம் என் அலமாரியில் இருக்கிறது,
மார்ச்சில் நானே எடுத்தது.
மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை சமவெளி,
அப்புறம் கோடு
கிணற்றில் போட்ட கல்.
அழைப்புமணி இல்லை, சிம்பல் இல்லை,
குருவி எப்போதோ இல்லை.
கருவி வாங்கினார். கச்சேரிக்கு மாட்ட மாட்டார்,
சட்டைப்பையில் பெட்டியோடு கூட்டி வருவார்.

கிரெல்லின் உச்சி ஆயிரத்தை ஒட்டித்தான்.
சுரம் அவருக்குக் கேட்டிருக்கும்.
யார் தொண்டை என்பதுதான் கேட்டிருக்காது.
குரலுக்குக் குரல் வித்தியாசம் சொல்லும் அந்த மெல்லிய சரசரப்பு
மேலே, அவர் ஏற முடியாத மாடியில் இருக்கிறது.
ஒன்பதாயிரம் பேர் கத்தியது
அவருக்கு ஒரே ஆள்,
முப்பது வயது ஆள்.

இதை நான் சொல்லக் கூடாது.
தொழில் தர்மம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஜெர்மனில் ஒரு சின்னச் சொல் உண்டு,
செய்தவரைக் காட்டாமல் செயலை மட்டும் சொல்ல.
அதைப் போட்டுச் சொன்னேன்:
உச்சியைத் தொட்டாயிற்று.

"இது ஒரு பதிலா?" என்றார் ஃபோல்கர்.
மர்லீஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
மிச்ச உருளைக்கிழங்கைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நடைமேடையில், அறிவிப்பு கேட்கவேண்டுமென்று
டெட்லெஃப் பெட்டியைத் திறந்தார்.
இடது. வலது.
விட்டன் போகும் ரயில் உள்ளே நுழைந்து
பிரேக் பிடித்தது, கிரீச்சென்று,
நாலாயிரத்துக்கும் மேலே எங்கேயோ.
முகத்தைச் சுளித்துக்கொண்டு
என் பக்கம் குனிந்தார்:

"இவனை
ஒரு படி இறக்கிப் பாடச் சொல்."