நூற்றைம்பது விழுக்காடு

ஃபல்மாத்தாவின் தாள் எப்போதும் நனைந்தே வரும்.
சாடு ஏரிக்கரையில், போல் நகரத்து அலுவலகத்தில்,
ஜெனரேட்டரின் முதுகில் விரித்து அதைக் காயவைப்பேன்.
காய்ந்தால்தான் கோடுகள் எழும்.
நான்கு நின்று, ஐந்தாவது குறுக்கே படுத்தால்
ஐந்து நாக்கில் சொட்டு விழுந்ததென்று அர்த்தம்.
நான் வாய்களைப் பார்த்ததில்லை, கோடுகளைத்தான்.
எனக்கும் மேலே, வெகுதூரத்தில்,
நிறுவனத்தின் நீலக்கொடி பறக்கும் கட்டடத்தில்
பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்ப்பார்களாம்.

அக்டோபர்ச் சுற்று.
கரேன்கா தீவுக்குப் பட்டியலில் நாற்பத்து நான்கு பிள்ளைகள்.
தாளில் அறுபத்தாறு.
தட்டினேன், கட்டம் சிவந்தது.
நூற்றுக்கு நூற்றைம்பது.
தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன்.
அறுபத்தாறுதான்.

தலைநகரத்திலிருந்து ஜிமாதூம் அழைத்தார்.
"இல்லாத பிள்ளைக்கு எப்படி ஐயா மருந்து கொடுத்தீர்கள்?"
பிள்ளைகள் இருக்கிறார்கள், பட்டியல்தான் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மாலைக்குள் திருத்தச் சொல்லி வைத்துவிட்டார்.

ஃபல்மாத்தா குளிர்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்,
வார் அழுத்திய தழும்பு தோளில் பளபளக்க.
"தண்ணீர் ஏறிவிட்டது.
ரெண்டு தீவின் மாடுகள்
அந்தப் பெருங்கொம்பை மிதவையாக்கி நீந்தி வந்தன.
மாட்டுக்குப் பின்னால் சனங்கள். இடுப்பில் பிள்ளைகள்.
எந்த ஊர் என்று கேட்டுவிட்டா
வாயைத் திறக்கச் சொல்வேன்?"
கொஞ்சம் நிறுத்தி, "ஆகஸ்டுப் படி வந்ததா?" என்றாள்.
வரவில்லை.

மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் வெளுத்த சதுரம்.
வெயில் பட்டால் சதுரம் கருக்கும்.
வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் வீசிவிட வேண்டும்.
கெட்டுப்போனேன் என்று சொல்ல
ஒரு குப்பிக்குத் தெரிகிறது.
எங்கள் பட்டியலுக்குத் தெரியவில்லை.

இரவில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு பேர் கூடுதல்.
யாரை அழிப்பது?
கோடுகளுக்குப் பெயர் இல்லை.
பேனா மை தீர்ந்து வெளிறிய அந்தக் கடைசிக் கோடு
பல்லைக் கடித்துக்கொண்டு முரண்டு பிடித்த
யாரோ ஒரு பயலாக இருக்கும்.

ஆகவே ஒரு தீவு செய்தேன்.
வரைபடத்தின் நீலத்தில், ஒன்றுமில்லாத இடத்தில்
ஒரு புள்ளி.
ந்ஜோபா என்று பெயர் வைத்தேன்.
எந்த மொழியில் அது என்ன என்று எனக்கே தெரியாது.
இருபத்திரண்டு பேரையும் அங்கே குடியேற்றினேன்.
கரேன்கா பச்சை. ந்ஜோபா பச்சை.
"நன்று" என்று ஜிமாதூம் ஒற்றைச் சொல் அனுப்பினார்.

ஏப்ரலில் புதிய திட்டம் வந்தது.
வரிசை எண்ணோடு என் தீவு.
அதற்கு மருந்து, அதற்குப் பனிக்கட்டி,
வீட்டுக் கதவில் குறியிட இரண்டு சுண்ணக்கட்டி,
படகுக்கு எண்ணெய்க் காசு.
காசும் வந்துவிட்டது, படியைத்தான் காணோம்.
சொல்லிவிடலாம் என்று கரைக்கு ஓடினேன்.
படகு கோரைக்குள் நுழைந்து மறைந்திருந்தது.

மூன்றாம் நாள் திரும்பினாள். திட்டவில்லை.
"நீ புள்ளி வைத்த இடத்தில் கோலுக்குத் தரை எட்டவில்லை.
படகுக்காரன் பூக்கார் விழுந்து விழுந்து சிரித்தான்.
திரும்பும் வழியில், கிழக்கே,
மிதந்து வந்த கோரைத்திட்டு ஒன்று தட்டி நின்றிருந்தது.
மேலே ரெண்டு குடிசை. புகை."

தாளில் நான்கு கோடுகள்.
படுக்க வேண்டிய ஐந்தாவது இல்லை.
ஓரத்தில் அவள் கையெழுத்து:
'ஒன்று தூக்கத்திலேயே விழுங்கியது.'
தீவின் பெயர் என்ற இடத்தில் ந்ஜோபா.
"கேட்டேன், இன்னும் வைக்கவில்லை என்றார்கள்.
உன்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்தேன்."

இருபத்திரண்டில் நான்கு.
கட்டம் சிவக்கிறது. தொலைபேசி அடிக்கிறது.
மீதிப் பதினெட்டுப் பேர் எங்கே என்று கேட்பார்.
எனக்கும் அதையேதான் கேட்க வேண்டும்,
யாரிடம் என்று தெரியவில்லை.