பொதி 41

கொம்பனித்தெருவில் ஐம்பத்திரண்டு மாடிக்குக் குழி.
நாலு மீற்றரில் வாவியின் பழைய சேறு,
அதற்குள் ஒரு தொடையெலும்பு,
பக்கத்தில் துருவாகிப்போன ஆணி.
பெக்கோ ஓட்டும் ஃபைரூஸ் இயந்திரத்தை நிறுத்தி
இறங்கிவந்து தன் சாரத்தால் மூடினானாம்.
அன்றைக்கு அவனுக்கு அரைநாள் சம்பளம்.

என் மேசைக்கு வந்தபோது சாம்பல் நிறம்.
யன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன்.
மறுநாள் பத்து மணிக்குப் பார்த்தால்
நீலம்.
பள்ளிச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலம் சிந்தியதுபோல
முறிவின் ஓரமெல்லாம்.

சார்ஜன்ட் ரத்னமலல என் விரல்களைப் பார்த்தார்:
"யார் சாயம் பூசினது?"
ஒருவருமில்லை, சேர்.
எலும்பின் பொஸ்பேற்றும் ஆணியின் இரும்பும்
மூச்சில்லாச் சேற்றில் சேர்ந்து
நிறமில்லாமல் கிடந்தன.
இப்போதுதான் காற்றுப் பட்டது.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பழையது. புதியது.
பழையதென்றால் தொல்பொருள் திணைக்களம், ஒரு கண்ணாடிப் பெட்டி.
புதியதென்றால் நீதவான், மஞ்சள் நாடா,
படங்களை நெஞ்சில் பிடித்தபடி
வாசலில் வந்து நிற்கப்போகும் பெண்கள்.
கட்டடக்காரர் காலையிலிருந்து
மூன்றுதரம் கோல் எடுத்துவிட்டார்.

எலும்புக்கு அவசரமில்லை.
முதலில் போவது கொலாஜன்,
உயிரோடிருக்கையில் முறியாமல் வளைந்துகொடுத்த பசை.
போன இடத்தில் துளை. துளைக்குள் நீர்.
நீரின் கையில் புளோரின், மங்கனீசு,
நகக்கண்ணளவும் இல்லாத யுரேனியம்.
பொடிப் படிகங்கள் ஒன்றையொன்று தின்று பருக்கும்.
வடிவம் மட்டும் அப்படியே,
குடியிருந்தோர் எல்லாரும் மாறிப்போய்
வாசல் இலக்கம் மாறாத
ஜிந்துப்பிட்டி வீடு மாதிரி.

திலானி தேநீருக்குப் போன நேரம்
முறிவில் நாக்கை வைத்தேன்.
(அறிக்கையில் இது வராது.)
ஒட்டியது. ஒட்டினால் பழசு.
ஒரு துணுக்கைச் சுவாலையில் காட்டினேன்.
மயிர் கருகும் நாற்றம், மெல்லிசாக.
நாறினால் புதுசு.

இரண்டு கட்டத்துக்கும் நடுவிலுள்ள கோட்டின்மேல் எழுதினேன்:
எஞ்சிய பசையில் கரி எண்ண வேண்டும்.
ஏழு வாரம். அதுவரை தோண்ட வேண்டாம்.
"கோட்டில் எழுத இயலாது," என்றார் ரத்னமலல.
எழுதியாயிற்று.

மாலை ஃபைரூஸின் அழைப்பு.
"மனிசன்தானே, சேர்?"
ஓம்.
"ஆம்பிளையா பொம்பிளையா?"
அது தெரியாது.
"பரவாயில்லை. துஆவுக்கு அதுவும் வேணுமா என்று பார்த்தன்."

இரவு வெள்ளவத்தையில் பல் விளக்குகிறேன்.
பற்பசையில் புளோரைட்டு.
மதவாச்சிக் கிணற்றுத் தண்ணீர்
பத்து வயதிலேயே என் பல்லைக் காவியாக்கிவிட்டது.
சேறு சும்மா செய்வதை
நான் காசு கொடுத்து, இரண்டு வேளை.
துப்புகிறேன். கொப்பளிக்கிறேன்.
நாக்கு நுனியில் இன்னும் ஏதோ
பிடித்துக்கொண்டிருக்கிறது.